சுவரில் ஒட்டப்படாத பட்டியல்

தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோ கொழுந்து தராசில் நின்றால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் ஒரு பெண் கேட்டால் அவள் நாட்களை எண்ணிக் கேட்கிறாள். பேர் விழவில்லை என்று கணக்குப்பிள்ளையோடு வாய்த்தர்க்கம் நடப்பது மலையகத்தில் அன்றாடம். அந்தத் தர்க்கத்தில் தொழிலாளிக்கு ஒரு பிடி உண்டு. செக்ரோல் என்ற வருகை ஏட்டை எழுதுவது யார், எத்தனை கிலோவுக்கு ஒரு பேர் என்பதெல்லாம் பெரட்டுக்களத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கணக்குத் தப்பென்றால் எந்த இடத்தில் தப்பு என்று விரல் வைத்துக் காட்டலாம். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது இலங்கை அரசு கொடுத்த 5,000 ரூபாய்க் கொடுப்பனவில் அந்தப் பிடி இல்லாமல் போனது. பேர் இருக்கிறது என்று சிலருக்குச் சொல்லப்பட்டது, இல்லை என்று சிலருக்கு. எந்த ஏட்டில், எந்த அளவுகோலில், யார் கையெழுத்தில் என்ற விவரம் லயத்து வாசலுக்கு வந்து சேரவில்லை. நிவாரணம் என்றதும் நாம் தொகையைப் பற்றித்தான் பேசுகிறோம், பட்டியலைப் பற்றிப் பேசுவது குறைவு. தொகை ஒரு தடவை வந்து செலவாகிப் போகிறது. பட்டியலோ அடுத்த பேரிடர் வரும்போதும் அதே ஆட்களை உள்ளேயும் அதே ஆட்களை வெளியேயும் வைத்துக்கொண்டு அலுவலக அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த மாதங்களைச் சற்று நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். 2020 மார்ச் 2ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. மார்ச் 20இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. தள்ளிப்போடப்பட்ட பொதுத் தேர்தல் ஆகஸ்ட் 5இல்தான் நடந்தது. ஆகவே ஏப்ரலிலும் மே மாதத்திலும் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வீதம் கொடுக்கப்பட்டபோது, எழுந்து நின்று கேள்வி கேட்கப் பாராளுமன்றமே இருக்கவில்லை. தேர்தல் மட்டும் வாசலில் நின்றது. பெறுவோர் வகைகள் வரிசையாக அறிவிக்கப்பட்டன. சமுர்த்தி நலனுதவி பெறும் சுமார் 18 லட்சம் குடும்பங்கள், சமுர்த்திக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருந்த சுமார் 6 லட்சம் குடும்பங்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர், விவசாயக் காப்புறுதித் திட்டத்தில் பதிந்த சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் விவசாயிகள், மீனவர், சுயதொழில் செய்வோர். வாசித்தால் விரிந்த பட்டியல்தான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருந்த ஏதோவொரு பதிவேட்டின் பெயர்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத குடும்பம், தான் வருமானம் இழந்ததைக் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் ஏற்றுக்கொள்ளும் வரை காத்து நிற்க வேண்டியதுதான்.

தோட்டங்கள் மாட்டிக்கொண்டது அந்த இடத்தில். ஊரடங்கிலும் கொழுந்து பறிப்பு நடந்தது. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரல் 4ஆம் திகதி முதன்முதலாக இணையவழிக்கு மாறியது. இரண்டே வாரத்தில் ஏலத்தைக் கணினிக்குள் கொண்டுபோக முடிந்த நாட்டுக்கு லயத்துக் குடும்பங்களின் பட்டியலைச் சரிபார்க்க நேரம் கிடைக்கவில்லை என்பதை ஓரத்தில் குறித்துவைக்கலாம். வேலை நடக்கிறது, சம்பளம் வருகிறது, ஆகவே வருமான இழப்பு இல்லை என்பதுதான் தோட்டத் தொழிலாளரை ஒதுக்குவதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அன்றைய அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். ஆனால் ஒரு லயக் காம்பராவில் வாழும் குடும்பம் செக்ரோல் பேரை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. கொழும்பில் கடைச் சிப்பந்தியாகவும் வீட்டு வேலைக்கும் போன பிள்ளைகள் வேலையிழந்து லயத்துக்கே திரும்பினார்கள். அவர்கள் அனுப்பிய காசு நின்றது, உலையில் போடும் அரிசி கூடியது. தோட்டத்தில் வேலை இருக்கிறது என்ற ஒற்றை வரி, ஓய்வுபெற்ற பாட்டனையும் கைக்காசு வேலைக்குப் போகும் மருமகளையும் சேர்த்தே மறைத்துவிட்டது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுக் குடும்ப வருமான செலவின ஆய்வு பின்னர் வெளியானபோது, நாட்டின் வறுமை வீதம் 14.3 என்றும் தோட்டத்துறையின் வீதம் 33.8 என்றும் காட்டியது. கொரோனா வருவதற்கு முந்தைய ஆண்டிலேயே தோட்டத்தில் மூன்றிலொருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. செக்ரோலில் பேர் இருந்தால் வறுமை இல்லை என்ற எண்ணத்தை அரசின் சொந்தக் கணக்கே பொய்யாக்கியது.

விவசாயி என்ற சொல் மலையகத்தில் இன்னும் வழுக்கலானது. நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கம் உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும் போடுகிறவர்களில் ஒரு பகுதியினர் காணி உறுதியோடு கமநல சேவை நிலையத்தில் பதிந்தவர்கள். இன்னொரு பகுதியினர் லயத்துக்குப் பின்னால் தோட்டத்து நிலத்தில் ஒரு துண்டைக் கொத்தி மரக்கறி போடுகிறவர்கள். இவர்களிடம் உறுதி கிடையாது, குத்தகைக் கடுதாசியும் பெரும்பாலும் கிடையாது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வைக்கப்படும் விவசாய நிலப் பதிவேட்டில் ஏறுவதற்கு இவர்களுக்கு வழி குறுகல். மழையில் நனைந்து கரட் பிடுங்குகிறவர் கண்ணுக்கு விவசாயி, கடுதாசிக்கு யாரோ ஒருவர். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. விளைச்சல் விழுந்ததற்கு 2022 ஜனவரியில் 4,000 கோடி ரூபாய் நட்டஈடு அறிவிக்கப்பட்டபோது அது நெற்செய்கையாளருக்கென்று இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைச்சரிவுகளைப் பெயர்த்துப் போட்ட பின், வீட்டைத் துப்புரவாக்க 25,000 ரூபாயும் பயிர்ச் சேதத்துக்கு ஹெக்டேர்க் கணக்கில் நட்டஈடும் என்று அறிவிப்பு வந்தது. ஹெக்டேர்க் கணக்கு எழுத முதலில் நிலம் யாருடையதென்று எழுத வேண்டும். ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரியும் காம்பரா ஒரு வீடா, இரண்டு வீடா என்றும் தீர்மானிக்க வேண்டும். இவற்றுக்கான விடை அமைச்சர் பேசிய மேடையில் கிடைக்காது. சுற்றறிக்கையின் ஏதோ ஒரு பந்தியில் கிடக்கும்.

எந்த நிவாரணத்துக்கும் பின்னால் மூன்று கடுதாசிகள் இருக்கும். யாருக்குக் கொடுக்கலாம் என்று சொல்லும் சுற்றறிக்கை முதலாவது. அதை வைத்து எழுதிய பெயர்ப்பட்டியலும் தெரிவுக் குழுவின் கூட்டக் குறிப்பும் இரண்டாவது. பணம் வாங்கியவர் ஒப்பமிட்ட கொடுப்பனவு ஏடு மூன்றாவது. சுற்றறிக்கை சேர்க்கச் சொன்ன குடும்பம் பட்டியலில் இல்லையென்றால் அது விடுபாடு. பட்டியலில் பேர் இருந்து ஏட்டில் ஒப்பம் இல்லையென்றால் பணம் திறைசேரிக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஒப்பம் இருந்து, ஆள் வாங்கவில்லை என்றால் அது களவு. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை விடுபாடு எது, களவு எது என்று பிரிக்க முடியாது. எல்லாம் சேர்ந்து "அவங்க ஆளுங்களுக்குத்தான் கெடச்சது" என்ற ஒரே பேச்சாகக் குழாயடியில் முடிந்துபோகும். இந்தப் பேச்சினால் குற்றம் செய்த அதிகாரிக்கு நட்டமில்லை. ஒழுங்காக வேலை செய்த கிராம உத்தியோகத்தருக்குத்தான் கெட்ட பெயர்.

2020இன் அதே ஊரடங்கு மாதங்களில் தமிழ்நாட்டில் நடந்ததைப் பார்த்தால் திறந்த பட்டியலின் பயனும் அதன் எல்லையும் தெரியும். இந்திய மத்திய அரசின் பிரதமர் கிசான் திட்டத்தில் விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 இந்திய ரூபாய் மூன்று தவணையாக வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஊரடங்கு நிவாரணத்தின் ஒரு பகுதியாக 2020 ஏப்ரல் தவணை முந்திக் கொடுக்கப்பட்டது. இணையத்தில் தாமே பதிந்துகொள்ளும் வசதியைத் தரகர்களும் சில கணினி மையங்களும் அலுவலகத்துக்குள் இருந்தோரும் பயன்படுத்திக்கொண்டார்கள். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று மாவட்டம் மாவட்டமாக நிலமே இல்லாதவர்கள் விவசாயிகளாகப் பதியப்பட்டிருந்தது ஆகஸ்டில் வெளியே வந்தது. தகுதியற்றோர் 5 லட்சத்துக்கு மேல், தொகை சுமார் 110 கோடி ரூபாய் என்று வேளாண்துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள், அதிகாரிகள் சிலர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள், கணக்குகளிலிருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது. 2021 ஜனவரியில், தகவல் உரிமை ஆர்வலர் வெங்கடேஷ் நாயக் பெற்ற பதில் இந்தியா முழுமைக்குமான கணக்கைத் தந்தது: தகுதியற்ற 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி ரூபாய், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வருமான வரி கட்டுகிறவர்கள். ஊர்வாரியான பயனாளர் பட்டியலை எவரும் இணையத்தில் பார்க்கக்கூடிய திட்டம் அது. பட்டியல் திறந்திருந்தும் களவு நடந்ததே என்று கேட்கலாம். நடந்தது. ஆனால் எண்ண முடிந்தது, ஆளைக் காட்ட முடிந்தது, பணத்தை மீட்க முடிந்தது. அதே திட்டத்தின் இன்னொரு குறையைத் திறந்த பட்டியலாலும் தீர்க்க முடியவில்லை. நில ஆவணம் உள்ளவருக்கே பணம் என்பதால் குத்தகை விவசாயி வெளியே நின்றார். யார் உள்ளே என்பதைப் பட்டியல் காட்டும். யார் வெளியே, ஏன் என்பதை அறிய அளவுகோலையும் பார்க்க வேண்டும். லயத்துக்குப் பின்னால் மரக்கறி போடுகிறவருக்கு இந்த இரண்டாவது கேள்விதான் உயிர்க்கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இலங்கையில் 2015இன் 19ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பின் 14அ உறுப்புரையில் ஏறியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. உரிமை பிரஜைக்கு உரியது. மலையகத்தில் அந்தச் சொல்லை வெறுமனே கடந்துபோக முடியாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் ஒரு பட்டியலிலிருந்து வெளியேற்றப்பட்டு, 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் இரண்டு நாடுகளுக்கிடையே தலைக்கணக்காகப் பங்கிடப்பட்டு, எஞ்சியோர் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில்தான் முழுமையாக உள்ளே வந்த சமூகம் இது. இன்று அடையாள அட்டை வைத்திருக்கும் எந்தத் தோட்டத் தொழிலாளியும் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்க அந்த அலுவலருக்கு அதிகாரமில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் எடுத்துக்கொள்வது அலுவலரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது சலுகையல்ல, அரசியலமைப்பின் மொழி அத்தியாயம் தரும் உரிமை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, பிரதியில் முதல் நான்கு ஏ4 பக்கங்களுக்கும் இல்லை.

கேட்கும் விதத்தில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். "எனக்கு ஏன் 5,000 ரூபாய் தரவில்லை?" என்று எழுதினால் அது முறைப்பாடு. தகவல் அலுவலர் காரணம் கற்பித்துச் சொல்லக் கடமைப்பட்டவரல்ல, அலுவலகத்தில் உள்ள பதிவைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். ஆகவே பதிவின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். இன்ன இலக்கக் கிராம உத்தியோகத்தர் பிரிவில் 2020 ஏப்ரல், மே மாதங்களில் 5,000 ரூபாய்க் கொடுப்பனவு பெற்றோரின் எண்ணிக்கை வகைவாரியாக. தெரிவுக்குப் பின்பற்றிய சுற்றறிக்கைகளின் பிரதிகள். தெரிவுக் குழுக் கூட்டக் குறிப்புகளின் பிரதிகள். பிரிவுக்குக் கிடைத்த மொத்தப் பணம், பங்கிட்ட பணம், திருப்பி அனுப்பிய பணம். கிடைத்த மேன்முறையீடுகளும் அவற்றின் முடிவும். இப்படி ஐந்து வரி போதும். ஒரே விண்ணப்பத்தில் ஐம்பது கேள்வி போட்டால் தாமதத்துக்கு நாமே சாக்குக் கொடுத்ததாகும். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வரக் கூடாது, ஏனென்றால் அதிலுள்ள திகதியிலிருந்துதான் கடிகாரம் ஓடுகிறது. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவு வர வேண்டும். தருவதென்றால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் தகவல் கையில் கிடைக்க வேண்டும். தொகுக்க நிறைய இருக்கிறது என்றால் மேலும் 21 நாட்கள் வரை நீட்டலாம். மறுத்தாலோ வாயே திறக்காவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைகள் ஆணைக்குழு. வேண்டுமென்றே தகவலைத் தடுப்பதும் அழிப்பதும் குற்றம். 50,000 ரூபாய் வரை தண்டமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது.

தோட்டத்தில் இன்னொரு முடிச்சு உண்டு. பட்டியலுக்கான விவரத்தைக் கொடுப்பது பல இடங்களில் தோட்ட நிர்வாகம். யாருக்கு வேலை இருந்தது, எத்தனை நாள் என்று சொல்லும் ஏடு அதன் கையில்தான். மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் போன்ற அரச நிறுவனங்களின் தோட்டங்களில் சிக்கல் இல்லை, அவை நேரடியாகச் சட்டத்துக்குள் வருகின்றன. 1992இல் தொடங்கி நிர்வாகத்தை எடுத்துக்கொண்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள், நாங்கள் தனியார், எங்களிடம் கேட்க முடியாது என்பார்கள். சட்டத்தின் வரைவிலக்கணம் அவ்வளவு இறுக்கமல்ல. அரசோடு செய்த உடன்படிக்கையின் கீழ் பொதுப்பணி ஒன்றைச் செய்யும் தனியார் நிறுவனமும் அந்தப் பணியின் அளவுக்குப் பொது அதிகாரசபையே. நிவாரணத்துக்குப் பட்டியல் கொடுப்பது அப்படியொரு பணியா என்பது வாதத்துக்குரியதுதான். ஆனால் நிர்வாகம் பிரதேச செயலகத்துக்கு அனுப்பிய கடிதம், வந்து சேர்ந்த நிமிடத்திலிருந்து அரச பதிவு. துரை பங்களாவில் கிடைக்காததைப் பிரதேச செயலகத்தில் கேட்டு வாங்கலாம். இந்த விவகாரம் இனிச் சூடுபிடிக்கும். 2025 நவம்பர் 7ஆம் திகதி வரவுசெலவுத் திட்ட உரையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, நாட்சம்பளத்தை 1,350 ரூபாயிலிருந்து 1,550 ஆக்குவதோடு அரசே நாளொன்றுக்கு 200 ரூபாய் வருகை ஊக்கத்தொகை தருவதாக அறிவித்தார். வருகைக்குப் பணம் என்றால் வருகையைக் காட்டும் ஏடு செக்ரோல். திறைசேரிப் பணத்துக்குச் சாட்சியாகும் ஏட்டைக் கம்பனியின் அந்தரங்கம் என்று எத்தனை நாள் சொல்ல முடியும்?

இதற்கெல்லாம் மறுப்புகள் உண்டு, சில கனமானவை. முதலாவது மானப் பிரச்சினை. ஏழைகளின் பேரைச் சுவரில் ஒட்டுவது அவர்களைச் சந்தியில் நிறுத்துவதல்லவா? ஐரோப்பாவில் இந்த வாதம் நீதிமன்றத்தில் வென்றிருக்கிறது. விவசாய மானியம் பெற்ற தனிநபர்களின் பெயரையும் தொகையையும் ஒட்டுமொத்தமாக இணையத்தில் போடுவது அளவுக்கு மிஞ்சியது என்று ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநில விவசாயிகள் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2010 நவம்பர் 9இல் தீர்ப்பளித்தது. பின்னர் விதியைத் திருத்தி, சிறு தொகை பெறுவோரின் பெயரை மறைத்து மற்றவர்களை வெளியிடும் முறை கொண்டுவரப்பட்டது. அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. நம் சட்டமும் பொது நலனோடு தொடர்பற்ற தனிப்பட்ட தகவலைக் காக்கிறது, பொது நலன் மேலோங்கினால் வெளியிடவும் சொல்கிறது. ஆனால் லயத்தின் கதை ஹெஸ்ஸன் பண்ணையின் கதையல்ல. நடுவே ஒரு சுவர் மட்டும் வைத்துப் பத்துப் பன்னிரண்டு குடும்பம் வாழும் இடத்தில் யார் வீட்டில் அடுப்பெரியவில்லை என்பது ரகசியமாக இருந்ததேயில்லை. ரகசியமாக இருந்தது, யார் தீர்மானித்தார் என்பது. அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, வங்கிக் கணக்கு, நோயின் பெயர் எதுவும் சுவருக்கு வரத் தேவையில்லை. சிறுநீரக நோயாளி என்ற வகையில் பேர் போடுவது கொடுமை, அங்கே எண்ணிக்கை மட்டும் போதும். பேர், தொகை, பொதுவான வகை, அதற்குப் பக்கத்தில் அளவுகோல் — இதற்கு மேல் நான் கேட்கமாட்டேன்.

பட்டியல் ஒட்டினால் சண்டை மூளும் என்பது இரண்டாவது மறுப்பு. இதற்குப் பதில் ஊகத்தில் தேட வேண்டாம், அனுபவம் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் அஸ்வெசும திட்டம் 2023இல் தொடங்கியபோது தெரிவானோர் பட்டியல் முன்கூட்டி வெளியிடப்பட்டது. விடுபட்டோர் மேன்முறையீடு செய்யவும், தகுதியற்றவர் சேர்ந்திருந்தால் மற்றவர் ஆட்சேபிக்கவும் இடம் கொடுக்கப்பட்டது. மேன்முறையீடுகள் 9 லட்சத்தைத் தாண்டின. ஆட்சேபனைகளோ இருபதாயிரத்தைத் தொடவில்லை. பக்கத்து வீட்டானைக் கெடுக்க ஓடியவர்களைவிடத் தன் பேரைத் தேடி ஓடியவர்களே மிகப் பெரும்பான்மை. அஸ்வெசுமவின் அளவுகோல்களில் குறை நிறைய இருந்தது, பிரதேச செயலகங்களின் முன் கூட்டமும் கூச்சலும் இருந்தன. இருந்தாலும் அந்தக் கூச்சலுக்கு ஒரு விண்ணப்பப் படிவமும் கடைசித் திகதியும் இருந்தன. 2020இன் அமைதியில் இரண்டும் இல்லை.

பேரிடர் நேரத்தில் பட்டியல் ஒட்டிக்கொண்டிருக்க நேரமேது என்பது அலுவலர் பக்கத்து வாதம். அதை நான் லேசாக எடுக்கவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் ஒரு கிராம உத்தியோகத்தர் பல தோட்டங்களைப் பார்க்கிறார், மலைக்கு மலை நடக்கிறார். முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு சரிபார்க்கலாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பசித்தவனை வரிசையில் நிறுத்திப் படிவம் நிரப்பச் சொல்வது அதைவிட மோசம். ஆனால் பிறகு என்று சொன்னது எப்போதோ வர வேண்டும். கொடுத்து முடித்த அடுத்த மாதம் பட்டியலை ஒரு பிரதி எடுத்துக் கொழுந்து மடுவத்திலும் கோயில் சுவரிலும் ஒட்டக் கூடுதலாக எந்த ஆளணியும் தேவையில்லை. சொல்லப்போனால் ஒவ்வொருவராக வந்து விசாரிப்பது அதனால்தான் குறையும்.

உரிமை கேட்கப் போகும் வழியில் குழிகளும் உண்டு. வெற்றுத் தாளிலோ தொகை நிரப்பாத ஏட்டிலோ ஒப்பமிடுவது, விரலடையாளம் வைப்பது, எல்லாவற்றிலும் பெரிய குழி. பிறகு பணம் வாங்கவில்லை என்று சொல்ல அந்தக் கைநாட்டே விடாது. பேர் சேர்த்துத் தருகிறேன் என்று அடையாள அட்டைப் பிரதியும் வங்கிப் புத்தகமும் வாங்கிக்கொண்டு போகிறவர் கட்சிக்காரரானாலும் தொழிற்சங்கத் தலைவரானாலும் சந்தேகத்துக்குரியவர்தான். நிவாரண விண்ணப்பத்துக்குத் தரகு என்று ஒன்று சட்டத்தில் இல்லை. அரச அலுவலர் பங்கு கேட்டால் அது இலஞ்சம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழைக்கலாம். தொழிற்சங்கம் விண்ணப்பம் எழுத உதவுவது வேறு, பணத்தைச் சங்கத்தின் கொடையாக மேடையில் கொடுப்பது வேறு. திறைசேரியிலிருந்து வந்த காசுக்கு மாலை போட வேண்டியவர் வரி கட்டிய மக்கள், அதில் சீனிக்கும் தேங்காயெண்ணெய்க்கும் வரி கொடுத்த லயத்துக்காரரும் அடக்கம். இனம், மொழி, தோட்டத்து ஆள் என்ற காரணத்தால் ஒதுக்கப்பட்டதாகத் தெரிந்தால் அது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்லும் சமத்துவ உரிமைக்குள் வரும். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. பலருக்கு இது தெரியாமலே ஒரு மாதம் கடந்துவிடுகிறது. கையில் மறுப்புக் கடிதமோ தகவல் அலுவலரின் பதிலோ இல்லாமல் அந்த மனுவை எழுதுவது கடினம் என்பதால், விடுபட்ட வாரத்திலேயே கேட்கத் தொடங்குவது நல்லது.

2020இன் 5,000 ரூபாய்க்கு அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது. இன்றைய விலையில் அது ஒரு வாரத்துச் சாமானுக்குக்கூடக் காணாது, பழைய குப்பையைக் கிளறி என்ன பயன் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நட்டத்தை மீட்க அந்த ஏடு உதவாது என்பது சரி. அன்று எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, என்ன காரணத்தால் விடுபட்டது என்பதை எண்ணில் காட்ட உதவும். அடுத்த சுற்றறிக்கையை எழுதுகிறவர் முன் வைக்க அதைவிட வலுவான ஆவணம் மலையகத்திடம் இல்லை. சட்டமும் அதற்கு இடம் வைத்திருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு உண்டாகும் பதிவுகளைக் குறைந்தது 12 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்கிறது அது. 2020 ஏப்ரலில் எழுதிய பட்டியல் 2032 ஏப்ரல் வரை இருந்தாக வேண்டும், டித்வாவின் பட்டியல் 2037 முடியும் வரை. விண்ணப்பம் எழுதும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நுவரெலியா மாவட்டத்தின் பழைய பெரிய பிரதேச செயலகப் பிரிவுகள் இப்போது பிரிக்கப்பட்டுவிட்டன. அன்று அம்பகமுவவின் கீழிருந்த தோட்டங்கள் சில இன்று நோர்வூட் செயலகத்தின் கீழ் இருக்கின்றன. 2020இன் ஏடு கினிகத்தேனையிலுள்ள அம்பகமுவ செயலகத்தில் இருக்கிறதா, நோர்வூட்டுக்குப் போய்விட்டதா என்று தேடி அலைய வேண்டியதில்லை; ஒரே விண்ணப்பத்தை இரண்டு பிரதியெடுத்து இரண்டு இடத்திலும் கொடுத்து, இரண்டுக்கும் பற்றுச்சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.